மிக்க மகிழ்ச்சி, ஆயிற்று

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருஷம் இன்றைக்கே பிறந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் ஜனவரி வரை காத்திருக்கட்டும். எங்கள் பிரஸ்ஸில் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்துக்குச் சந்தனம் பூசி, சூடம் காட்டி, முதல் ஆர்டரையும் வாங்கியாகிவிட்டது. பூஜை முடிந்ததும் தனுஷ்கோடி அண்ணாச்சி திருநீறோடு சேர்த்து எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்.

அண்ணாச்சி எங்கள் முதலாளி. தேதி, நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன், கடைப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, தினசரிக் காலண்டரைத் தாள் தாளாகக் கோத்துத் தரும் ஒரு கம்ப்யூட்டர் நிரலை நான் எழுத வேண்டும். ஆனால் அமுக்குவதற்கு அதில் பொத்தானே இருக்கக் கூடாது. அண்ணாச்சிக்கும் மவுஸுக்கும் ஆகாது. போன வருஷம் யாரோ மவுஸைத் தவறி அமுக்கி, நகைக்கடைக் காலண்டர் முழுக்கக் கோழிக்கடை முகவரி வந்துவிட்டது.

"எழுதிக் குடுத்த ஆர்டர் என்னைக்கும் மாறாது தாயி. கம்ப்யூட்டருக்கும் நான் எழுதியே குடுக்குறேன். அது செஞ்சு தரட்டும்" என்றார்.

ஆகவே எழுத்தை மட்டும் அடிக்கிற கறுப்புத் திரை. ஹோட்டலில் உட்கார்ந்து "ஒரு காபி, ஸ்ட்ராங்கா, நுரையோட" என்கிறோமே, அது மாதிரிதான். நிரலின் பெயரை அடித்து, பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டு, --ராசிபலன் என்று அடித்தால் ராசிபலன் வரும். --நல்லநேரம் என்றால் நல்ல நேரம் வரும். இப்படிக் கோடு போட்டுக் கேட்பதெல்லாம் ஆப்ஷன். கேட்டதைப் பிரித்துப் பார்த்து, இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று புரிந்துகொள்வதுதான் நிரலின் முதல் வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். மனிதர்கள் ஏன் இப்படிக் கோடு போட்டுப் பேசுவதில்லை என்று அடிக்கடி நினைப்பேன்.

ஆகஸ்ட் 7

ஆப்ஷன்களை ஒரு தாளில் அச்சிட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். விரலால் தடவித் தடவிப் படித்தவர் ஓரிடத்தில் தேள் கொட்டியது போலக் கையை எடுத்துவிட்டார். அங்கே --ராசிபலன்-இல்லை என்றிருந்தது.

"இது என்ன தாயி?"

"சில பேருக்கு ராசிபலன் தேவைப்படாது அண்ணாச்சி. அப்ப இப்படி அடிச்சா அது வராது."

"இல்லைன்னு அடிக்கணுமா? என் கையால? காலங்காத்தால?"

"அப்ப சாயங்காலமா அடிங்க" என்றார் ஷகிலா அக்கா. அவர் எங்கள் டிசைனர். இந்தக் கம்ப்யூட்டர் அறையில் நானும் அவரும்தான். காலண்டரில் வரும் முருகனின் மயிலுக்கு இந்த ஊரில் ஷகிலா பானு போடுகிற மாதிரித் தோகை போட ஆளில்லை. அந்தத் தைரியத்தில் அண்ணாச்சியிடம் என்ன வேண்டுமானாலும் பேசுவார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இந்த பிரஸ்ஸில் எதற்கும் இல்லை என்று சொல்லும் வழக்கமில்லை. பேப்பர் தீர்ந்தால் "பேப்பர் பெருகிருச்சு" என்பார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார், குளிர வைக்கச் சொல்வார். எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "செஞ்சுருவோம்" என்பார், பிறகு எங்களைப் பார்ப்பார்.

"இருக்கிறதுக்கு மட்டும் கோடு போடு தாயி. இல்லாததுக்கு எதுக்குக் கோடு?"

இதற்குப் பதில் சொல்ல நான் படித்த காலேஜில் சொல்லித்தரவில்லை. எல்லா இல்லைகளையும் எடுத்துவிட்டேன். சர்க்கரை இல்லாமல் காபி கேட்கவே முடியாத ஹோட்டல் ஒன்றைக் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

அண்ணாச்சி முதல்முறையாகத் தானே அடித்துப் பார்த்தார். ஒற்றை விரல். மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ராசிபலனுக்கு ராசிபழன் என்று அடித்துவிட்டார். நிரல் நியாயமாக, "பிழை. இப்படி ஓர் ஆப்ஷன் கிடையாது" என்றது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"வாசப்படி ஏறி வந்தவங்களைக் கிடையாதுன்னு திருப்பி அனுப்பலாமா? நம்ம பிரஸ்ஸா இது?"

"புரியாததைப் புரியலைன்னு சொல்லணும்ல அண்ணாச்சி."

"நம்ம ஊர்ல யாரு புரிஞ்சுகிட்டுத் தலையாட்டுறாக? பதமா ஏதாச்சும் சொல்லி அனுப்பு."

முடிவு இது. தெரியாத ஆப்ஷன் வந்தால் நிரல் கண்டுகொள்ளாது. தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்யும். கடைசியில் எதுவானாலும் "மிக்க மகிழ்ச்சி, ஆயிற்று" என்று சொல்லும். வாசகம் அண்ணாச்சியுடையது.

மதியம் சோதித்துப் பார்த்தேன். --அமாவாசைக்கு-லீவு என்று அடித்தேன். மிக்க மகிழ்ச்சி, ஆயிற்று. --ஏசி-போடவும் என்று அடித்தேன். மிக்க மகிழ்ச்சி, ஆயிற்று. ஷகிலா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நிரல் மாதிரியே இல்லடி, அண்ணாச்சியையே உள்ள உக்கார வச்சிருக்க" என்றார்.

ஆகஸ்ட் 28

இன்று என்னைப் பார்க்க அருப்புக்கோட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் பால்பாண்டி. ஓசூரில் வேலை. வந்தவர்களுக்குச் சாத்தூர் காரச்சேவும் காபியும். மாப்பிள்ளை காரச்சேவை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். எதிரில் நானும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருடைய அம்மாதான் பேசினார். "ஓசூர்ல ஃப்ளாட்டு. வீட்டு வாசல்லயே லிஃப்ட் நிக்கும். அங்க வந்தப்புறம் இவளுக்கு வேலையெல்லாம் எதுக்கு? கால் மேல கால் போட்டு இருக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "பொண்ணுக்குச் சம்மதம்தான?" என்றார்.

வாயில் காரச்சேவு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் அம்மா, "அவ பேசலைன்னா சம்மதம்னு அர்த்தம் மதினி. அவுக அப்பா மாதிரி" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டாள்.

அது என்னவோ உண்மை. அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். நாள் முழுக்க விசில் ஊதி, கத்தி, பஸ்களைக் கிளப்பிவிட்டு வருகிறவர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கவா என்று அம்மா கேட்டாள், அப்பா பேசவில்லை, ஃப்ரிட்ஜ் வந்தது. வடிவைக் கம்ப்யூட்டர் படிக்கவைக்கவா என்று கேட்டாள், பேசவில்லை, நான் படித்தேன். மாடியில் ரூம் எடுத்ததும் அப்படித்தான். எங்கள் குடும்பமே அப்பா பேசாததால் முன்னேறிய குடும்பம்.

எனக்கு ஒன்றுமில்லை. காரச்சேவில் மட்டும் உப்புக் கூடுதல்.

செப்டம்பர் 3

இன்று இயல்பு மதிப்பு வேலை. அதாவது, அடிக்கிறவர் ஓர் ஆப்ஷனைப் பற்றி வாயே திறக்காவிட்டால் நிரல் தானாக எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வது. அண்ணாச்சியைக் கேட்டேன். "நல்லது எல்லாமே உண்டுன்னு இருக்கட்டும் தாயி. சொல்லலைன்னாலும் உண்டு" என்றார்.

சொன்னாலும் உண்டு, சொல்லாவிட்டாலும் உண்டு, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பிறகு ஆப்ஷன் எதற்கு என்று கேட்டேன். "ஒரு மரியாதைக்கு" என்றார்.

எவ்வளவு மோசமான அமைப்பு இது என்று வீட்டுக்கு வரும்போது ஷகிலா அக்காவிடம் புலம்பினேன். ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே, "எதைச் சொல்ற, காலண்டரையா?" என்றார். வேறு எதைச் சொல்வேன். இந்த அக்காவுக்குச் சில நேரம் என்ன கேட்கிறோம் என்றே தெரிவதில்லை.

செப்டம்பர் 11

ராஜபாளையத்திலிருந்து மதிவாணன் என்று ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அந்த ஊர்ப் பகுத்தறிவு மன்றத்துக்கு அவர்தான் தலைவர். மன்றத்தின் பெயரில் காலண்டர் வேண்டுமாம்.

"தேதி. கிழமை. அவ்வளவுதான். ராசிபலன், ராகு காலம், நல்ல நேரம் ஒண்ணும் வரக் கூடாது."

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மயிலை வரையச் சொல்லித் தோகையை வேண்டாம் என்றால் எப்படி இருக்கும். ஆனாலும் வாய் பழக்கத்தில் "செஞ்சுருவோம்" என்றுவிட்டது.

அவர் போன பிறகு நான் சொன்னேன். "அண்ணாச்சி, அதையெல்லாம் எடுக்குறதுக்கு நிரல்ல வழி இல்ல."

"அந்த வார்த்தையைச் சொல்லாத."

"வழி பெருகிருச்சு அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லு. சரஸ்வதி பூஜை கழியட்டும், ஏதாச்சும் பண்ணுவோம்."

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஏதாவது சொல்வதென்றால் இந்த மாதம் சொல்லலாம். சொல்ல என்ன இருக்கிறது.

செப்டம்பர் 26

பால்பாண்டி தினமும் மதியம் ஒரு செய்தி அனுப்புகிறார். "சாப்டாச்சா". நான் "ஆச்சு" என்று அனுப்புகிறேன். மறுநாள் "சாப்டாச்சா". ஒரே ஒரு ஆப்ஷன் உள்ள மாப்பிள்ளை.

நேற்றுச் சும்மா "இல்லை" என்று அனுப்பிப் பார்த்தேன். "மிக்க மகிழ்ச்சி" என்று கட்டைவிரல் படத்தோடு பதில் வந்தது. நான் எழுதிய நிரலே பரவாயில்லை.

அக்டோபர் 7

நேற்று லீவு. நிச்சயதார்த்தப் புடவை எடுக்க மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஐப்பசி கடைசியில், நவம்பர் பத்தாம் தேதி நிச்சயம். அந்தப் பேச்சுத்தான் புரட்டாசியில் கூடாது, புடவை எடுத்தால் தோஷமில்லை என்று அம்மா சாஸ்திரம் சொன்னாள். "பச்சையா, அரக்கா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை என்று எடுத்துக்கொண்டாள். கடைக்காரர், "பொண்ணுக்குப் பிடிச்சிருக்கா?" என்று என்னையே பார்த்துக் கேட்டார். அந்தக் கடையில் ஏசி அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்று ஆபீஸ் வந்தால், மதிவாணன் ஆர்டர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடி முடிந்து, தைத்து, கட்டுக் கட்டி லாரியும் ஏறிவிட்டது என்றார்கள். எப்படி என்று கேட்டேன். "நானே பார்த்துக்கிட்டேன் தாயி" என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கம்ப்யூட்டர் அறையில் சூடம் கொளுத்திய வாசனை. கீ போர்டில் ஒரு சிட்டிகை திருநீறு.

அக்டோபர் 24

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மதிவாணன் வந்தார். கையில் அவருடைய காலண்டர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. தாளைக் கொத்தாகப் புரட்டி வாசித்தார்.

"ராகு காலம். எமகண்டம். நல்ல நேரம். மேஷத்துக்கு நன்மை. ரிஷபத்துக்கு அலைச்சல். இதை எங்க மன்றத்து ஆண்டு விழா மேடையில வச்சு நானே என் கையால வெளியிட்டேங்க. சிறப்புப் பேச்சாளர் வாங்கி, பிரிச்சு, மைக்ல 'இன்று சந்திராஷ்டமம்'னு வாசிக்கிறாரு. கூட்டம் கை தட்டுது."

அண்ணாச்சி எழுந்து நின்றார். "உக்காருங்க. காபி சொல்லட்டா?"

"எனக்குக் காபி வேணாம். எல்லாமே புளுகு. இதோ பாருங்க, விருச்சிகத்துக்கு 'தாமதம்'னு போட்டிருக்கு. நான் வாழ்க்கையில எதுலயாச்சும் தாமதம் பண்ணியிருக்கேனா?"

சொல்லிவிட்டு நின்றார். தன் ராசியைத் தானே சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. ஷகிலா அக்கா கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து ரொம்ப நேரம் எதையோ தேடினார்.

"அது எங்கம்மா சொன்னது" என்றார் மதிவாணன் மெதுவாக. கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. உட்கார்ந்தும் விட்டார்.

அண்ணாச்சிதான் பாவம், எங்களிடம் திரும்பினார். "நான் சரியாத்தான் தாயி அடிச்சேன். நீ இல்லாத அன்னைக்கு. எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் கதவைச் சாத்திட்டு. வாடிக்கையாளர் கேட்டுட்டாரேன்னு, என் வாழ்நாள்ல மொதத் தடவையா அந்த வார்த்தையை அடிச்சேன். ராசிபலன் வேண்டாம்னு. ராகுகாலம் வேண்டாம்னு. ஒவ்வொண்ணா. அப்புறம் சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டேன்."

"நிரல் என்ன சொல்லுச்சு அண்ணாச்சி?"

"மிக்க மகிழ்ச்சி, ஆயிற்றுன்னு சொல்லுச்சு. அதனாலதான் புரூஃப்கூடப் பாக்கல. யாராச்சும் பார்த்துட்டா கூச்சம்னு."

"அது எதைச் சொன்னாலும் அதத்தான் சொல்லும் அண்ணாச்சி. நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அதைக் கேட்டுக்கிற எடமே அதுக்குள்ள வைக்கல. சொன்னவரு சொல்லிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அது பாட்டுக்கு எல்லாம் சரின்னு ஓடிருச்சு. நம்மளாச்சும் ஒரு தடவை கேட்டிருக்கணும். வாயில என்ன இருந்துச்சு, ஏன் பேசலைன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அண்ணாச்சி முழித்தார். மதிவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷகிலா அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிவாணனுக்குப் புதிதாக அச்சடித்துத் தருவதாக முடிவாயிற்று. போகும்போது அவர் என் மேஜைப் பக்கம் வந்து, "நல்லா அடிச்சுச் சொன்னம்மா நீ" என்றார். நான் காலண்டரைப் பற்றித்தான் சொன்னேன்.

அக்டோபர் 25

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.

அக்டோபர் 26

எழுதிப் பார்த்தால் எளிதாகத்தான் இருக்கிறது. நேற்று எழுதிவிட்டு டைரியை மூடி, அதன் மேல் தலையணையை வைத்தேன்.

ஏன் வேண்டாம் என்று யாராவது கேட்டால் சொல்ல பெரிய காரணம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிகிறார். ஆனால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு ஓசூரில் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க முடியாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, அது நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வருகிறது. அதை நான் விடமாட்டேன். பயமாகவும் இருக்கிறது. நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாள் எங்கே இருக்கிறது.

அக்டோபர் 27

மதியம் "சாப்டாச்சா" வந்ததும் போன் போட்டுவிட்டேன். மறுமுனையில் அவர் பதறிப்போனார். "ஏதாச்சும் தப்பா கேட்டுட்டனா?"

"இல்லங்க. உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமா?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"ஹலோ, பேசாம இருக்காதீங்க. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க" என்றேன்.

"அப்படித்தாங்க ஆச்சு. நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். எங்க வீட்ல யோசிச்சுச் சொல்றேன்னா சரின்னு அர்த்தமாம். எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். எனக்கு இப்ப கல்யாணமே வேண்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்னு இருந்தேன்."

"அப்ப தினம் சாப்டாச்சான்னு கேக்குறீங்க?"

"அம்மா என் போன்ல அலாரம் வச்சிருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். பிறகு யார் வீட்டில் சொல்வது என்று பேச்சு வந்தது. "நீங்க சொல்லுங்க" என்றார். "நீங்க சொல்லுங்க" என்றேன். "நீங்க சொன்னீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்றார். அதுதானே உங்கள் பிரச்சினையே என்று சொல்ல வந்தேன், விட்டுவிட்டேன். நல்ல மனிதர். அவருக்கு வாய்க்கப் போகிறவள் கொஞ்சம் வாயாடியாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 30

அண்ணாச்சி அனுமதி கொடுத்துவிட்டார். அதுவும் நல்ல நேரம் பார்த்து, என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு.

இனி எந்த ஆப்ஷனோடும் "வேண்டாம்" சேர்த்து அடிக்கலாம். நிரல் கேட்கும். தெரியாத சொல் வந்தால் தலையாட்டாது. "இது புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று அங்கேயே நின்றுவிடும். முக்கியமானவற்றில் பேசாமலிருந்தால் அதுவாக எதையும் எடுத்துக்கொள்ளாது. நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கும்.

"வேண்டாம்னு அடிச்சவுடனே மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிரக் கூடாது தாயி. அது ஏதாச்சும் நல்ல வார்த்தை சொல்லட்டும்" என்றார் அண்ணாச்சி.

"என்ன சொல்லலாம்?"

யோசித்தார். "அப்படியே ஆகட்டும்னு போடு. பெரிய மனுஷன் சொல்ற மாதிரி இருக்கும்."

போட்டேன். மதிவாணன் ஆர்டரை அவரே உட்கார்ந்து அடித்தார். மோதிரத்தைக் கழற்றவில்லை. --ராசிபலன்-வேண்டாம். திரை "அப்படியே ஆகட்டும்" என்றது. கூரையை அண்ணாந்து பார்த்தார். இடிந்து விழவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததை அடித்தார்.

கூடவே பிரஸ் முழுக்க ஒரு சட்டமும் போட்டுவிட்டார். இனிமேல் யாருடைய வேலையானாலும், உரியவர் புரூஃப் பார்த்து வாயைத் திறந்து சரி என்று சொல்லாமல் மிஷின் ஓடக் கூடாது.

அக்டோபர் 31

மதியம் அண்ணாச்சி ஒரு தாளோடு வந்தார். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தப் பத்திரிகை. பிரஸ்ஸில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் தன் பரிசு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லையாம். ஷகிலா அக்கா ஓரத்தில் இரண்டு மயில் போட்டிருந்தார். மயில்களுக்குக்கூட அவ்வளவு களையில்லை.

"பேரு, ஊரு எல்லாம் சரியா இருக்கா பாரு தாயி."

பார்த்தேன். திருநிறைச்செல்வி வடிவுக்கரசி. எல்லாம் சரியாக இருந்தது.

"சரின்னா சரின்னு சொல்லு. தலையாட்டாத. நீ சொல்லாம மிஷினை ஓட்ட மாட்டேன். நீயும் சேர்ந்து போட்ட சட்டம்தான் இது."

உள்ளே மிஷின்காரர் காத்திருந்தார். ஷகிலா அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டார். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இவர் காத்துக்கொண்டே நிற்கிறார். இதுவரை யாரும் எனக்காக இப்படிக் காத்து நின்றதில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி."

"மயில் வேண்டாமா?"

"கல்யாணம்."

தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செஞ்சுருவோம்" என்று சொல்ல முடியாத ஒரு இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். பிறகு தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "வீட்ல சொல்லிட்டியா தாயி?" என்று கேட்டார்.

"இனிமேத்தான்."

"அங்க என் சட்டம் செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 2

ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு. அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டே நிச்சயத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன டிபன் போடுவது என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றேன்.

"ஏன், காரமா இருக்கா?"

"கல்யாணம் வேண்டாம்."

அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டாள். ஆனால் பயப்படவில்லை. எது சரியில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். "பச்சைப் புடவை பிடிக்கலையா? அரக்கு மாத்திக்கலாம். மாப்பிள்ளை பேரா? பாண்டியன்னு கூப்புட்டுக்கோ. ஓசூர் தூரமா இருக்கா? ரயில் இருக்கு."

"எதையும் மாத்த வேண்டாம்மா. எதுவுமே வேண்டாம். நான் வேலையை விட்டுட்டு அங்க போக மாட்டேன். அந்த மாப்பிள்ளைக்கும் இப்ப கல்யாணத்துல இஷ்டமில்ல. போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"அவர்கிட்ட பேசிட்டியா? நீயா?" கல்யாணம் நின்றதை விட அதுதான் அவளுக்கு அதிர்ச்சி. "அன்னைக்கே வாயைத் தெறக்குறதுக்கு என்ன? சபையில அத்தனை பேர் இருக்கக் கல்லு மாதிரி உக்காந்திருந்துட்டு."

"இப்பத் தெறந்துட்டேன்மா. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். அழுதுகொண்டே இன்னொரு முறையும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன், எங்கே யாராவது அழுகையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்களோ என்று.

அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். அப்பாவிடம் திரும்பினாள்.

"கேட்டீகளா உங்க பொண்ணு பேசுறத? அருப்புக்கோட்டைக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிறவா? சொல்லுங்க. சொல்லிறட்டுமா?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்த்தார். சட்டியிலிருந்து ஒரு நல்ல எலும்பாகத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். வாயைத் திறக்கவே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃப்ரிட்ஜ் வாங்கியவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா. கையைக் கழுவிக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.